நின்றுபோன தொடர் படமாகும்போது என்ன நடக்கிறது?

எப்போதோ டிவியில் வந்து பாதியில் நின்றுபோன ஒரு விண்வெளித் தொடர் சினிமாவாக வரப்போகிறது என்று செய்தி வரும். உடனே காட்பாடி விடுதி அறைகளில் மூன்று கேள்விகள் கிளம்பும். விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா? பழைய தொடரைப் பார்க்காமல் போனால் புரியுமா? உலகம் முழுக்க ரசிகர்கள் கூப்பாடு போட்டு வரவழைத்த படம் வேலூரில் ஒரு காட்சிகூட ஓடாமல் போவது ஏன்? மூன்றாவது கேள்வி தியேட்டர் கணக்கைப் பற்றியது. முதல் இரண்டுக்கும் பதிலை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கணக்குதான். அதற்குள் நுழைவதற்கு முன் சில சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. செய்திகளில் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடப்படுகின்றன.

## எந்தப் படம் எந்த வகை

1. தொடர்ச்சிப் படம். அதே நடிகர்கள், அதே கதை, தொடர் முடிந்த இடத்துக்குப் பின். 2002இல் ஃபாக்ஸ் டிவியில் வந்து சில மாதங்களில் நிறுத்தப்பட்ட ஃபயர்ஃபிளை, 2005இல் செரினிட்டி என்ற படமாக வந்தது இந்த வகை.

2. நடுவில் வரும் படம். தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தியேட்டருக்கு வருவது. எக்ஸ்-ஃபைல்ஸ் முதல் படம் 1998 ஜூனில், ஐந்தாவது சீசனுக்கும் ஆறாவது சீசனுக்கும் இடையே வந்தது. ஜப்பானிய அனிமே தொடரான கவ்பாய் பீபாப்பின் 2001 படம் இன்னும் நுணுக்கம்: 26 எபிசோடுகளில் 22க்கும் 23க்கும் இடையே நடக்கும் கதை அது.

3. தழுவல். தொடரில் சொன்ன கதையையே வேறு நடிகர்களை வைத்து மறுபடி சொல்வது. பிபிசியின் டாக்டர் ஹூ தொடரிலிருந்து 1965இலும் 1966இலும் பீட்டர் குஷிங் நடித்த இரண்டு படங்கள் வந்தன. தொடரில் டாக்டர் வேற்றுக் கிரகத்தவர். படத்தில் அவர் சாதாரண மனிதர், வீட்டுக் கொல்லையில் கால இயந்திரம் செய்துவைத்திருக்கும் தாத்தா. 25 நிமிட எபிசோடுகள் ஏழு, அதாவது சுமார் 3 மணி நேரக் கதை, 82 நிமிடத்துக்குள் அடக்கப்பட்டது. இந்தப் படங்களைத் தொடரின் வரலாற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. சேர்த்தால் எதுவும் பொருந்தாது.

4. தொகுப்புப் படம். ஒளிபரப்பான எபிசோடுகளையே வெட்டி ஒட்டித் திரையிடுவது. ஜப்பானில் இதற்குத் தனி மரபே உண்டு. 1974இல் தொடங்கி, போதிய பார்வையாளர்கள் இல்லாமல் 1975இல் 26 எபிசோடுகளோடு முடிந்த ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ, 1977இல் தொகுப்புப் படமாக வந்து கூட்டம் கூட்டியது. 52 எபிசோடுகள் திட்டமிட்டு 43இல் நிறுத்தப்பட்ட 1979ஆம் ஆண்டின் கண்டம் (Gundam) என்ற ரோபோ அனிமே, 1981-82இல் மூன்று படங்களானது. நிறுத்தப்பட்ட தொடரை உயிர்ப்பித்த வழிகளில் செலவு மிகக் குறைந்தது இதுதான்.

5. மறுதொடக்கம், பலரும் ரீபூட் என்று சொல்வது. பெயர்கள் பழையவை, நடிகர்களும் காலக்கோடும் புதியவை. 2009இல் வந்த ஸ்டார் டிரெக் படம் இதில் ஒரு தந்திரம் செய்தது. பழைய தொடரின் ஸ்பாக் பாத்திரத்தை, அதே நடிகர் லெனார்ட் நிமாயை வைத்தே, கடந்த காலத்துக்கு அனுப்பி வரலாறு வேறு கிளையாகப் பிரிந்துவிட்டது என்று காட்டியது. பழைய ரசிகருக்குத் தொடர்ச்சி, புதியவருக்குத் தொடக்கம். திரைக்கதை வேலைப்பாட்டில் இதைவிட நேர்த்தியான சமாளிப்பைக் காண்பது கஷ்டம்.

சக்திமானைப் படமாக்கப்போவதாக 2022இல் அறிவிப்பு வந்தபோது எழுந்த விவாதத்தில் பாதி, இந்த ஐந்தில் எது என்று யாரும் கேட்காததால் வந்தது. கங்காதராக யார் நடிப்பது என்ற கேள்வி தொடர்ச்சிப் படத்துக்கு ஒரு பொருள் தரும், மறுதொடக்கத்துக்கு வேறு பொருள் தரும்.

## பாரதக் கூத்தில் கடைசி ராத்திரிக்கு மட்டும் வருபவர்

தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் ஒரே மேடையில் கதை சொல்லும் சிக்கல் வட ஆற்காட்டுக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பகலில் பிரசங்கியார் கதை சொல்கிறார், இரவில் கூத்து. வில் வளைப்பு ஒரு ராத்திரி, பகடை துகில் ஒரு ராத்திரி, அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று போய், கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும் படுகளம், மாலையில் தீமிதி. எல்லா ராத்திரியும் பாய் போட்டு உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள். பெங்களூரிலிருந்து பஸ் பிடித்துக் கடைசி ராத்திரிக்கு மட்டும் வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள்.

அவர்களுக்காகத்தான் கட்டியங்காரன். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷம் நிற்கும். யார் வந்திருப்பது, எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர் என்று கட்டியங்காரன் கேட்பான். வேஷம் பாட்டாலும் வசனத்தாலும் பதில் சொல்லும். பழகியவருக்கு அது அலங்காரம், புதியவருக்கு அது முன்கதைச் சுருக்கம். ஒரே பகுதி இரண்டு வேலை செய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. படுகளத்துக்கு மட்டும் வருபவருக்கும் துரியோதனன் யார் என்று தெரியும். ஃபயர்ஃபிளையில் 500 ஆண்டுகளுக்குப் பிறகான உலகம், உள்நாட்டுப் போரில் தோற்ற கேப்டன், மூளையை அரசாங்கம் குடைந்த ஒரு பெண், சீன மொழியில் திட்டிக்கொள்ளும் மாலுமிகள் என்று சொன்னால் அந்தத் தொடரைப் பார்க்காதவருக்கு ஒரு சொல்லும் ஒட்டாது. சுமார் 11 மணி நேரம் ஓடும் 14 எபிசோடுகளை, 119 நிமிடப் படத்தின் முதல் கால் மணிக்குள் இறக்கிவைக்க வேண்டும். அதுவும் தெரிந்தவர் கொட்டாவி விடாமல்.

செரினிட்டியின் தொடக்கம் இதை எப்படிச் செய்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்பது பயனுள்ளது. படிகள் இவை:

1. பூமி நிரம்பி வழிந்ததால் மக்கள் வேறு கிரகங்களுக்குப் போனார்கள் என்று ஒரு குரல் வரலாறு சொல்கிறது.
2. அந்தக் குரல் ஒரு பள்ளி ஆசிரியையுடையது என்று தெரிகிறது. வகுப்பில் ஒரு சிறுமி மறுத்துப் பேசுகிறாள்.
3. அந்த வகுப்பு, ஆய்வுக்கூட நாற்காலியில் கட்டுண்டு கிடக்கும் அதே பெண்ணின், இப்போது வளர்ந்துவிட்ட ரிவரின், மனத்தில் ஓடுவது.
4. அவளை அண்ணன் சைமன் காப்பாற்றித் தூக்கிச் செல்கிறான்.
5. காட்சி உறைகிறது. இதெல்லாம் ஒரு பதிவு, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவளைத் தேடிவரும் அரசாங்க ஆள்.
6. பிறகுதான் விண்கலம். கேமரா வெட்டே தெரியாமல் ஏறத்தாழ 4 நிமிடம் கலத்துக்குள் கேப்டனோடு நடந்து, ஒவ்வொரு மாலுமியையும் அவரவர் வேலையோடும் சண்டையோடும் காட்டுகிறது.

ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து பெட்டிகள். தெரிந்தவருக்கு ஒவ்வொரு பெட்டியும் ஒரு திருப்பம், தெரியாதவருக்கு ஒரு தகவல். முக்கியப் பாத்திரங்கள் ஒன்பது பேர். அதில் இருவரைக் கலத்துக்கு வெளியே வேறு இடத்தில் வைத்து, அறிமுகச் சுமையையும் குறைத்திருக்கிறார்கள்.

விலை கொடுக்காமல் இது கிடைக்கவில்லை. தொடரில் சைமன் பணம் கொடுத்து வேறு ஆட்களை வைத்துத் தங்கையை மீட்டதாகச் சொல்கிறான். படத்தில் அவனே நேரில் உள்ளே புகுந்து மீட்கிறான். தீவிர ரசிகர்கள் இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இதைக் கவனக்குறைவு என்பதைவிடத் தெரிந்தே செய்த சமரசம் என்பதே சரி. 'பணம் கொடுத்து மீட்டேன்' என்பது வசனமாகத்தான் வரும். புதியவர் அண்ணனின் பாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

## கூப்பாடு பெரிது, கணக்கு சிறிது

மாவட்ட வரைபடத்தில் வட ஆற்காடு 1989இல் பிரிந்துபோனது. தமிழ் சினிமா வியாபாரத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து என்எஸ்சி ஏரியா. அந்த ஏரியாவை வாங்கும் விநியோகஸ்தர் ரசிகர்கள் எவ்வளவு தீவிரமானவர்கள் என்று கேட்கமாட்டார், எத்தனை பேர் என்று கேட்பார்.

ஒரு கற்பனைக் கணக்கு. 300 இருக்கை, நாளுக்கு 4 காட்சி, ஆக 1,200 டிக்கெட். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை மூன்றிலும் சேர்த்து அந்தத் தொடரை உயிராக நேசிப்பவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். நானூறு பேரும் முதல் நாளே வந்தால்கூட மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். மறுநாள் அரங்கம் காலி. படம் நிற்க வேண்டுமானால் தொடரைப் பற்றிக் கேள்விப்படாத ஆயிரக்கணக்கானோர் வர வேண்டும். தமிழில் டப்பிங் செய்தால் வருவார்கள் என்று சொல்லலாம். டப்பிங் செலவு 5 திரைக்கும் 500 திரைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் 5 திரைக்கு அதை யாரும் செய்வதில்லை.

அதே நானூறு பேர் டிவிடி காலத்தில் ஒவ்வொருவரும் பல டிக்கெட் விலையுள்ள பெட்டியை வாங்குவார்கள். கல்ட், அதாவது சிறிய ஆனால் தீவிரமான, ரசிகர் கூட்டம் அடர்த்தியானது, அகலமானதல்ல. டிவிடிக்கு அடர்த்தி போதும். தியேட்டருக்கு அகலம் வேண்டும். இந்தத் துறையின் பெரும்பாலான தோல்விகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

ஃபயர்ஃபிளைக்கு நடந்த கதை அதுதான். ஒளிபரப்பில் 14இல் 11 எபிசோடுகளே வந்தன, அதுவும் வரிசை மாறி. 2003 டிசம்பரில் வந்த டிவிடி நன்றாக விற்றது. அதைக் காட்டித்தான் யுனிவர்சல் நிறுவனத்தைப் படத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள். செலவு சுமார் 3.9 கோடி டாலர். உலக வசூல் சுமார் 4 கோடி டாலர். பார்க்கச் சரிக்குச் சரி போலத் தோன்றும், ஆனால் சரியல்ல. வசூலில் தோராயமாகப் பாதி தியேட்டர்களுக்குப் போகும். விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவில் சேராது. அதனால்தான் தியேட்டரில் மட்டும் போட்டது கிடைக்க, செலவைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு வசூல் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கில் செரினிட்டி பாதி வழியில் நின்றது. அடுத்த படம் வரவில்லை.

எக்ஸ்-ஃபைல்ஸ் இதற்கு நேரெதிர். 1998இல் அது கல்ட் என்ற எல்லையைத் தாண்டி வீட்டுக்கு வீடு தெரிந்த தொடர். 6.6 கோடி டாலர் செலவு, 18.9 கோடி வசூல். தொடர் முடிந்து ஆறு ஆண்டு கழித்து 2008இல் வந்த இரண்டாவது படத்துக்குச் செலவை 3 கோடியாகக் குறைத்தார்கள். வசூல் 6.8 கோடியோடு நின்றது. தொடர் ஓடும்போது வாரா வாரம் இலவசமாகக் கிடைக்கும் விளம்பரம், நின்ற பிறகு கிடைக்காது.

### கான் எப்படி ஜெயித்தான்

ஸ்டார் டிரெக் தன் முதல் இரண்டு படங்களிலேயே இரண்டு பாடங்களையும் காட்டிவிட்டது. 1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகள் வந்து நின்ற தொடர் அது. மறுஒளிபரப்பில்தான் பெரிதானது. 1977இல் பாரமவுண்ட் ஒரு புதிய தொடரைத் திட்டமிட்டது. அது கைவிடப்பட்டு, அதன் முதல் 2 மணி நேர எபிசோடாக எழுதிய கதையே 1979 படமாக ஊதப்பட்டது. படம் மெதுவாக நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சரக்கு எபிசோடு அளவு, பாத்திரம் அண்டா அளவு. கிராபிக்ஸ் வேலையை எடுத்த நிறுவனம் சரியாகச் செய்யாததால் நடுவில் மாற்றப்பட்டது. தியேட்டர்களிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டதால் டிசம்பர் 7 என்ற தேதியை நகர்த்த முடியவில்லை. ராபர்ட் வைஸ் போன்ற பெரிய இயக்குநரின் படம் முழுதாகச் செதுக்கப்படாமல் திரைக்குப் போனது. மினிமம் கேரண்டி வாங்கிவிட்டுத் தீபாவளித் தேதிக்கு ஓடும் தயாரிப்பாளர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். செலவு, கைவிட்ட தொடரின் செலவையும் சேர்த்து, சுமார் 4.4 கோடி டாலர். வசூல் 13.9 கோடி. நஷ்டமில்லை. ஆனால் இப்படி இன்னொரு தடவை செய்ய முடியாது.

அடுத்த படத்தை பாரமவுண்ட் தன் டிவி பிரிவிடம் கொடுத்தது. தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட் டிவிக்காரர். செலவு சுமார் 1.2 கோடி. எப்படிச் சமாளித்தார்கள்?

1. புதுக் கதை தேடாமல், 1967இல் ஒளிபரப்பான ஸ்பேஸ் சீட் எபிசோடின் வில்லன் கானைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.
2. இரண்டு விண்கலங்களின் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரே செட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள்.
3. முதல் படத்தில் எடுத்த விண்கலக் காட்சிகளில் சிலவற்றை அப்படியே மறுபடி போட்டார்கள்.
4. நாயகனும் வில்லனும் படம் முழுக்க ஒருமுறைகூட நேரில் சந்திப்பதில்லை. திரை வழியாகவே பேசிக்கொள்கிறார்கள். படப்பிடிப்பும் தனித்தனி.

1982இல் வந்த அந்தப் படம் (ஸ்டார் டிரெக் II: த ராத் ஆஃப் கான்) சுமார் 9.7 கோடி வசூலித்தது. வசூல் முந்தைய படத்தைவிடக் குறைவு, லாபம் பல மடங்கு. அந்த ஒரே எபிசோடைப் பார்க்காதவரும் படத்தைப் புரிந்துகொள்வார். என்ன நடந்தது என்பதைக் கானே கோபத்தோடு சொல்லிவிடுகிறான். கட்டியங்காரன் கேட்க வேண்டியதை வில்லனே கேட்டு வில்லனே பதில் சொல்லும் காட்சி அது.

அதே காட்சியில்தான் ஒரு புகழ்பெற்ற ஓட்டையும் இருக்கிறது. கான், விண்கல அதிகாரி செக்கோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். அந்த எபிசோடு முதல் சீசனில் வந்தது. செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் சேர்ந்ததோ இரண்டாவது சீசனில். படம் அதனால் ஒரு டிக்கெட்டையும் இழக்கவில்லை.

## மூலப் பத்திரம் யார் கையில்

நிலம் வாங்கும் முன் மூலப் பத்திரம் கேட்பார்கள், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு தொடரைப் படமாக்கும் முன்பும் அதே வேலை. அறிவிப்பு வந்து ஆண்டுக்கணக்கில் படம் தொடங்காமல் கிடந்தால், நடிகர் தேதி காரணம் என்று பத்திரிகைகள் எழுதும். பல தடவை காரணம் பத்திரத்தில் இருக்கும். சர்வே எண் ஒன்று, உட்பிரிவு பல.

பாத்திரம் ஒருவருடையது, தொடர் இன்னொருவருடையது. டாக்டர் ஹூவின் எதிரிகளான டாலெக்குகளில் எழுத்தாளர் டெர்ரி நேஷனுக்கு பிபிசியோடு சேர்ந்த உரிமை இருந்தது. அதனால் அவர் சம்மதம் இல்லாமல் டாலெக் படம் இல்லை. அவற்றின் உருவத்தை வடிவமைத்த ரேமண்ட் குசிக் பிபிசி ஊழியர். சிறு சன்மானம் தவிர அவருக்குப் பங்கு இல்லை. குழந்தைகள் வாங்கிக் குவித்த பொம்மைகள் அவர் வரைந்த உருவத்தில்தான் இருந்தன.

தொடர் ஒரு கம்பெனி, படம் இன்னொரு கம்பெனி. ஃபயர்ஃபிளை ஃபாக்ஸுக்கு, செரினிட்டி யுனிவர்சலுக்கு. தொடரின் பெயரில் இல்லாமல் விண்கலத்தின் பெயரில் படம் வந்ததைப் பார்த்தாலே அது வேறு வீடு என்று தெரியும்.

கம்பெனியே இரண்டாகப் பிரிவது இன்னும் சிக்கல். 2006 தொடக்கத்தில் வயாகாம் பிரிந்தபோது ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடர்கள் சிபிஎஸ் பக்கம் போயின, படங்கள் பாரமவுண்ட் பக்கம் தங்கின. பழைய வட ஆற்காட்டைப் பிரித்தபோது வேலூர் ஒரு பக்கம், திருவண்ணாமலை ஒரு பக்கம் ஆனதுபோல, ஒரே கதைக்கு இரண்டு கலெக்டர் ஆபீஸ். 2009 படமும் அதன் இரண்டு தொடர்ச்சிகளும் வந்தது இந்தக் காலத்தில். 2019 இறுதியில் இரண்டு கம்பெனிகளும் மறுபடி ஒன்று சேர்ந்தன. நம் பக்கம் அதே ஆண்டு வேலூர் மேலும் மூன்றாகப் பிரிந்தது.

நடிகர் தனி. தொடருக்குப் போட்ட ஒப்பந்தம் படத்துக்குச் செல்லாது. தன் உருவத்தை விளம்பரங்களில் பயன்படுத்தியது தொடர்பாக லெனார்ட் நிமாய்க்கும் பாரமவுண்டுக்கும் வழக்கு இருந்தது. அது தீர்ந்த பிறகே 1979 படத்தில் அவர் கையெழுத்திட்டார். ஸ்பாக் இல்லாத ஸ்டார் டிரெக்கை நினைத்துப் பார்த்தால் அந்தச் சமரசத்தின் மதிப்பு தெரியும்.

## டிவி சட்டகம் வெள்ளித்திரையில் ஏன் பொருந்தாது

பழைய டிவியின் அகலமும் உயரமும் 4க்கு 3. இன்றைய டிவி 16க்கு 9. தியேட்டர் படம் பெரும்பாலும் உயரத்தைப்போல் 1.85 மடங்கோ 2.39 மடங்கோ அகலம். இந்த எண்கள் மாறும்போது என்ன கெடும் என்பதற்கு பாபிலோன் 5 என்ற விண்வெளித் தொடர் நல்ல சாட்சி. நடிகர்கள் வரும் காட்சிகளை எதிர்காலத்தை நினைத்து அகலமாகவே படம்பிடித்தார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மட்டும் 4க்கு 3 அளவில் செய்யப்பட்டது. பிறகு அகலத்திரை டிவிடி போட்டபோது கிராபிக்ஸ் காட்சிகளின் மேலும் கீழும் வெட்டி மிச்சத்தைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. ஒரு காட்சி துல்லியமாக இருக்கும், விண்கலம் வந்ததும் மங்கும்.

கூர்மை அடுத்த சிக்கல். ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன் 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது, ஆனால் எடிட்டிங் வீடியோ டேப்பில். அதன் தரம் சாதாரண டிவி அளவுதான். உயர்தெளிவு பதிப்புக்காக நெகட்டிவைத் தேடியெடுத்து மறுபடி ஸ்கேன் செய்து, வெட்டிய இடத்திலேயே மறுபடி வெட்டி, 178 எபிசோடுகளையும் புதிதாகக் கட்டினார்கள். பழைய எபிசோடின் காட்சியைப் படத்தில் நினைவுக்காட்சியாகச் சேர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் இந்த வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செட்டும் அப்படியே. டிவிக்காகப் பூசிய பிளைவுட் சுவரின் இணைப்பு 21 அங்குலத்தில் தெரியாது, 40 அடியில் தெரியும். கைவிடப்பட்ட 1977 ஸ்டார் டிரெக் தொடருக்காகச் செய்யத் தொடங்கிய எண்டர்பிரைஸ் விண்கல மாதிரி சினிமாவுக்குப் போதாது என்று ஒதுக்கிவிட்டு, சுமார் 8 அடி நீளத்தில் புதியது செய்தார்கள். ஃபயர்ஃபிளை குழுவும் கலத்தின் உட்புறத்தைப் படத்துக்காக மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க டிவி எபிசோடு விளம்பர இடைவெளிக்காகப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கொக்கி போடும். படத்தில் அந்தக் கொக்கிகளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு எபிசோடுகளைத் தைத்ததுபோல இருக்கும். நம்மூர் தியேட்டரில் வேறொரு வம்பு. இடைவேளைக்கென்று எழுதாத படத்தை எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி பாப்கார்ன் விற்பார்கள். இதற்கு ஹாலிவுட் திரைக்கதையாசிரியரைக் குறைசொல்ல முடியாது.

நடுவில் வரும் படத்துக்கு மட்டும் உரிய கோளாறு ஒன்று. எக்ஸ்-ஃபைல்ஸ் படத்தின் படப்பிடிப்பு 1997 கோடையில் நடந்தது, ஐந்தாவது சீசன் எடுப்பதற்கு முன்பே. அதாவது ஒரு வருடக் கதையை, ஏற்கெனவே எடுத்து முடித்த படத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கதவை நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவதுபோல. அந்த சீசன் 20 எபிசோடுகளாகவும் சுருங்கியது. படத்தில் பெரிதாக எதையும் உடைக்கவும் முடியாது. செப்டம்பர், அக்டோபர் தாண்டியதும் அதே ஆட்கள் அதே ஆபீஸுக்கு வேலைக்கு வர வேண்டுமே.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 1953இல் பிபிசி நேரலையாக ஒளிபரப்பிய த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட் தொடரில் 6 பகுதிகள். அவற்றில் முதல் இரண்டின் பதிவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 1955இல் ஹாமர் நிறுவனம் எடுத்த தழுவல் படம் இன்றும் முழுதாக இருக்கிறது. மூலம் போய் நகல் தங்கிவிட்டது.

## எதை எந்த வரிசையில் பார்ப்பது

1. செரினிட்டி: முதலில் தொடரின் 14 எபிசோடுகள். ஒளிபரப்பான வரிசையை விட்டுவிட்டு டிவிடி வரிசையைப் பிடிக்கவும். ஃபாக்ஸ் முதலில் போட்டது ரயில் கொள்ளை எபிசோடு. உண்மையான தொடக்கம் 2 மணி நேரப் பைலட், அது கடைசியில் 2002 டிசம்பரில்தான் ஒளிபரப்பானது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பைலட்டின் பெயரும் செரினிட்டிதான். தேடலில் கிடைத்ததைச் சொடுக்கிப் படத்தை முதலில் பார்த்துவிட்டால், தொடரில் உயிரோடு உலவும் சிலரை வேறு கண்ணோடுதான் பார்க்க முடியும்.

2. எக்ஸ்-ஃபைல்ஸ் 1998 படம்: ஐந்தாவது சீசன் கடைசி எபிசோடு முடிந்ததும். 2008 படம் தனிக் கதை, எப்போது வேண்டுமானாலும்.

3. கான் படம்: ஸ்பேஸ் சீட் எபிசோடு ஒன்று போதும், 50 நிமிடம். 1979 படத்தைத் தாண்டிப் போகலாம்.

4. 2009 ஸ்டார் டிரெக்: முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம்.

5. எவாஞ்சலியன் (ஜப்பானிய அனிமே தொடர்): 26 எபிசோடுகளுக்குப் பிறகு 1997 ஜூலையில் வந்த எண்ட் ஆஃப் எவாஞ்சலியன். அதே ஆண்டு மார்ச்சில் வந்த படத்தின் முதல் பாதி முன்கதைத் தொகுப்பு, எபிசோடுகளை இப்போதுதான் பார்த்து முடித்தவர் அதை விட்டுவிடலாம். 2007 முதல் 2021 வரை வந்த நான்கு படங்கள் வேறு வரிசை. அவற்றை நடுவில் கலந்தால் எந்த முடிவு எதனுடையது என்று தெரியாமல் போகும்.

6. கவ்பாய் பீபாப்: 22ஆவது எபிசோடு முடிந்ததும் நிறுத்தி, படத்தைப் பார்த்துவிட்டு 23க்குப் போகலாம். 26ஐயும் முடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் கதை புரிவதில் தடையில்லை. ஆனால் கடைசி எபிசோடு முடிந்த கையோடு, அதே ஆட்கள் ஒன்றுமே நடக்காததுபோல நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க மனசு கேட்காது.